காருக்கு அடியில் சொட்டும் ஏசி தண்ணீர்: எங்கிருந்து வருகிறது, எப்போது கவனிக்க வேண்டும்?

கோடைக்காலத்தில் ஏசி போட்டு ஓட்டிவந்த காரை நிறுத்திவிட்டு இறங்கினால், முன்பகுதியின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்து தரையில் தேங்குவதைப் பார்க்கலாம். புதிதாகக் கார் வாங்கியவர்களுக்கு இது முதன்முறை கண்ணில் படும்போது, ரேடியேட்டர் ஓட்டையாகிவிட்டதோ, ஏசி கேஸ் கசிகிறதோ என்ற பதற்றம் வருவது இயல்பு. அடுக்குமாடிக் குடியிருப்பாக இருந்தால், "உங்க வண்டி ஒழுகுது சார்" என்று காவலாளியே வந்து சொல்லிவிடுவார். சொட்டுவது நிறமோ மணமோ பிசுபிசுப்போ இல்லாத வெறும் தண்ணீர் என்றால், ஏசி ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்; பழுது எதுவும் இல்லை. உண்மையில் கவனிக்க வேண்டிய நிலைமை இதற்கு நேர்மாறானது. புழுக்கமான நாளில் ஒரு மணி நேரம் ஏசி ஓடியும் வெளியே ஒரு சொட்டுக்கூட விழவில்லையென்றால்தான், அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று தேட வேண்டியிருக்கும்.

காரின் ஏசிக்கென்று தண்ணீர் ஊற்றி வைக்கும் தொட்டி எதுவும் கிடையாது. வீட்டில் ஏர் கூலர் பயன்படுத்திப் பழகியவர்கள் சிலர், அதில் ஊற்றுவதுபோல் காரிலும் எங்கோ தண்ணீர் ஊற்றியிருப்பார்கள், அதுதான் கீழே ஒழுகுகிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் நேர் எதிரான வேலையைச் செய்யும் கருவிகள். ஏர் கூலர் தண்ணீரை ஆவியாக்கிக் காற்றில் கலக்கிறது. ஏசியோ, காற்றில் ஏற்கெனவே ஆவியாகக் கலந்திருக்கும் தண்ணீரைப் பிரித்தெடுத்து வெளியே தள்ளுகிறது. காருக்கு அடியில் விழும் ஒவ்வொரு சொட்டும் சற்று முன்புவரை காற்றில் இருந்த ஈரம்தான்.

காற்றில் இருக்கும் தண்ணீர்

நம்மைச் சுற்றியுள்ள காற்றில் நீராவி எப்போதும் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத வாயு என்பதால் அதை நாம் பார்ப்பதில்லை. அளவு கூடும்போது புழுக்கமாக மட்டும் உணர்கிறோம். ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் ஒரு கனமீட்டர் இடத்தில் இவ்வளவு நீராவிதான் இருக்க முடியும் என்று ஓர் உச்சவரம்பு உண்டு, வெப்பம் கூடக் கூட அந்த வரம்பும் வேகமாக உயரும். 35 டிகிரி செல்சியஸில் அது ஏறத்தாழ 40 கிராம். 10 டிகிரியில் 9 கிராமுக்குச் சற்று மேல். 5 டிகிரியில் 7 கிராம்கூட இல்லை. வானிலை அறிக்கைகளில் ஒப்பு ஈரப்பதம் 60 சதவீதம் என்று சொல்லும்போது, அந்த வெப்பநிலைக்கு உரிய உச்சவரம்பில் 60 சதவீதம் அளவுக்கு நீராவி இருக்கிறது என்று பொருள்.

சென்னையில் கத்திரி வெயில் காலத்தில் கடற்காற்று வீசத் தொடங்கிய ஒரு பிற்பகலை எடுத்துக்கொள்வோம். வெப்பநிலை 35 டிகிரி, ஒப்பு ஈரப்பதம் 60 சதவீதம் என்றால், ஒரு கனமீட்டர் காற்றில் ஏறத்தாழ 24 கிராம் நீராவி இருக்கிறது. இந்தக் காற்றை மெல்ல மெல்லக் குளிர்வித்துக்கொண்டே போனால், ஏறக்குறைய 26 டிகிரியை எட்டும்போது அதிலுள்ள நீராவியே உச்சவரம்பாகிவிடுகிறது, அதாவது ஒப்பு ஈரப்பதம் 100 சதவீதத்தைத் தொடுகிறது. அதற்குக் கீழே இன்னும் ஒரு டிகிரி குளிர்ந்தாலும், கூடுதலாக இருக்கும் நீராவி வாயுவாக நீடிக்க முடியாமல் திரவமாக மாறியாக வேண்டும். இந்தத் திருப்பம் நிகழும் வெப்பநிலையைப் பனிநிலை என்கிறார்கள். ஐஸ் தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளரின் வெளிப்புறத்தில் முத்து முத்தாக வியர்ப்பதும் இதே காரணத்தால்தான். அந்தத் தண்ணீர் டம்ளருக்குள்ளிருந்து கசிந்து வரவில்லை, டம்ளரின் பரப்பு பனிநிலையைவிடக் குளிர்ந்திருப்பதால் அதைத் தொடும் காற்று தன் ஈரத்தை அங்கே விட்டுவிட்டுப் போகிறது. காரின் ஏசிக்குள் இப்படிப்பட்ட ஒரு குளிர்ந்த பரப்பு இருக்கிறது, அதன் மீது மின்விசிறி ஒன்று இடைவிடாமல் காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது.

டேஷ்போர்டுக்குள் நடப்பது

ஏசி கேஸ் என்று நாம் சொல்லும் குளிர்பொருள் ஒரு மூடிய சுற்றுக்குள் திரும்பத் திரும்ப ஓடுகிறது. கம்ப்ரசர் அதை வாயு நிலையில் அழுத்திச் சூடாக்குகிறது. காரின் மூக்குப்பகுதியில் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சர் அந்தச் சூட்டை வெளிக்காற்றில் விட்டு அதைத் திரவமாக்குகிறது. எக்ஸ்பான்ஷன் வால்வு என்னும் குறுகிய வழியைக் கடந்ததும் அழுத்தம் சட்டென்று குறைய, திரவம் எவாப்பரேட்டருக்குள் கொதித்து ஆவியாகிறது. கொதிப்பதற்கு வேண்டிய வெப்பத்தை அது தன்னைச் சுற்றியுள்ள உலோகத்திலிருந்தும், உலோகத்தைத் தொட்டுச் செல்லும் காற்றிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. காருக்குள் குளிர் உண்டாகும் இடம் இந்த எவாப்பரேட்டர்தான். ஒர்க்‌ஷாப்புகளில் இதைக் கூலிங் காயில் என்பார்கள்.

எவாப்பரேட்டர் அலுமினியத்தால் ஆனது. தட்டையான குழாய்களுக்கு இடையே, காகிதம் போல மெல்லிய தகடுகள் மடிப்பு மடிப்பாக நெருக்கி அடுக்கப்பட்டிருக்கும். காற்று நுழைந்து போகக் கிடைக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான். உருவத்தில் சிறியதாக இருந்தாலும், எல்லாத் தகடுகளின் பரப்பையும் கூட்டினால் மிகப் பெரிய குளிர்பரப்பு கிடைக்கும். அதன் வெப்பநிலையை உறைநிலைக்குச் சில டிகிரி மேலேயே நிறுத்திவைக்க ஒரு சென்சார் உண்டு. சூடு அளவுக்கு மீறி இறங்கினால் அது கம்ப்ரசரின் ஓட்டத்தைத் துண்டிக்கும் அல்லது குறைக்கும். பனிநிலை 26 டிகிரியாக இருக்கும் காற்று, நான்கைந்து டிகிரியில் இருக்கும் தகடுகளுக்கு இடையே நுழைந்தால் என்ன ஆகும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தகடுகளில் நுண்துளிகள் படிகின்றன. அவை ஒன்றோடொன்று சேர்ந்து கனத்து வழிந்து, அடியிலிருக்கும் பிளாஸ்டிக் தட்டில் விழுகின்றன. தட்டின் தாழ்ந்த மூலையிலிருந்து விரல் பருமனுள்ள டிரெயின் பைப் ஒன்று புறப்பட்டு, காரின் தரையையோ இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தடுப்பையோ துளைத்துக்கொண்டு வெளியே போகிறது. பம்பு எதுவும் கிடையாது. தண்ணீர் தன் எடையால்தான் இறங்குகிறது. ப்ளோயர் எனப்படும் அந்த மின்விசிறி தள்ளும் காற்றின் அழுத்தம் அதற்குக் கொஞ்சம் துணை செய்கிறது.

இந்தியாவில் ஸ்டியரிங் வலப்பக்கம் இருப்பதால், பல கார்களில் எவாப்பரேட்டர் இடப்பக்கம், க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் அமைந்திருக்கும். ஆகவே தண்ணீர் விழும் இடமும் பெரும்பாலும் முன்னிருக்கைப் பயணியின் பாதங்களுக்கு நேர் கீழே, இடது முன்சக்கரத்தை ஒட்டி இருக்கும். சில கார்களில் ஏசிப் பெட்டி நடுவில் இருப்பதால் சொட்டும் நடுவில் விழும். வண்டிக்கு அடியில் பிளாஸ்டிக் தகடு பொருத்தியிருந்தால், தண்ணீர் அதன் மீது ஓடி எதிர்பாராத ஓரத்தில் வந்து சொட்டுவதும் உண்டு. ஓடும்போதும் இது சொட்டிக்கொண்டேதான் வருகிறது, சாலை முழுக்கச் சிதறிப்போவதால் கண்ணில் படுவதில்லை. நின்ற பிறகுதான் ஒரே இடத்தில் விழுந்து தேங்குகிறது. இன்ஜினை அணைத்த பின்பும், தகடுகளில் ஒட்டியிருக்கும் தண்ணீர் வடிந்து முடியும்வரை சொட்டு தொடரும். இன்ஜினே இல்லாத மின்சாரக் கார்களிலும் ஏசி இதே முறையில்தான் இயங்குகிறது என்பதால் அவற்றின் அடியிலும் தண்ணீர் சொட்டும்.

எவ்வளவு தண்ணீர் வரும்?

சென்னைக் காற்றின் கணக்கையே தொடரலாம். வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் முறையில் ஏசி ஓடி, 35 டிகிரியில் உள்ளே வந்த காற்று 10 டிகிரிக்குக் குளிர்ந்து வெளிவருகிறது என்று கொண்டால், ஒவ்வொரு கனமீட்டரும் ஏறத்தாழ 15 கிராம் தண்ணீரை எவாப்பரேட்டரில் விட்டுச் செல்லும். மணிக்கு 100 கனமீட்டர் வெளிக்காற்று நுழைந்தால், ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டர் தண்ணீர் சேர்ந்துவிடும். விமான நிலைய வாசலில் ஏசியை அணைக்காமல் காத்திருக்கும் டாக்சிகளுக்கு அடியில் அத்தனை தண்ணீர் தேங்கிக் கிடப்பதில் வியப்பில்லை.

உள்காற்றையே சுழற்றும் பொத்தானை அழுத்திவிட்டால் இந்தக் கணக்கு மாறுகிறது. ஏற்கெனவே உலர்ந்த காற்றே திரும்பத் திரும்ப எவாப்பரேட்டரைக் கடப்பதால், பத்துப் பதினைந்து நிமிடங்களில் சொட்டு குறையத் தொடங்கும். ஆனால் அடியோடு நின்றுவிடாது. காருக்குள் இருக்கும் ஆட்களே ஈரத்தின் ஊற்றுகளாக இருப்பதுதான் காரணம். ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்தாலே மூச்சின் வழியாகவும் தோலின் வழியாகவும் மணிக்குச் சுமார் 50 கிராம் நீரைக் காற்றில் சேர்க்கிறார். நான்கு பேர் என்றால் அது ஒரு டம்ளர் தண்ணீர். கதவு திறந்து மூடும்போதும், இடுக்குகள் வழியாகவும் வெளியீரம் கொஞ்சம் வந்து சேரும். குடும்பத்தோடு மழைக்காலத்தில் நனைந்த குடைகளையும் துணிகளையும் ஏற்றிக்கொண்டு போகும் பயணத்தில் சொட்டு கூடுதலாக இருப்பது இதனால்தான்.

வெயிலின் கடுமைக்கும் சொட்டின் அளவுக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பதை ஓர் ஒப்பீடு காட்டிவிடும். மே மாதத்தில் டெல்லியில் வறண்ட காற்று வீசும் நாளில் வெப்பநிலை 42 டிகிரியும் ஒப்பு ஈரப்பதம் 15 சதவீதமும் இருந்தால், ஒரு கனமீட்டர் காற்றில் இருப்பது எட்டரை கிராம் நீராவிதான். அதன் பனிநிலை 10 டிகிரிக்கு அருகில் இருக்கும். சென்னையைவிட 7 டிகிரி கூடுதலாகக் கொளுத்தினாலும், அங்கே ஏசி தண்ணீர் பெயருக்குத்தான் சொட்டும். அதே டெல்லியில் ஜூலையில் பருவமழை வந்துவிட்டால், வெயில் தணிந்தும் தண்ணீர் தாராளமாகக் கொட்டும். ஆகவே நேற்று சொட்டியது, இன்று சொட்டவில்லை என்பதை மட்டும் வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வரக் கூடாது. அன்றைய காற்றின் ஈரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஈரத்தைப் பிரிப்பது ஏசிக்கு இலவசமாகக் கிடைக்கும் வேலையும் அல்ல. ஒரு கிலோ நீராவி தண்ணீராக மாறும்போது சுமார் 2,450 கிலோஜூல் உள்ளுறை வெப்பத்தை வெளிவிடுகிறது, அதையும் எவாப்பரேட்டரே உறிஞ்சிக்கொள்ள வேண்டும். மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீர் சேர்கிறது என்றால், ஏசியின் குளிரூட்டும் திறனில் ஏறத்தாழ 700 வாட் காற்றைக் குளிர்விக்காமல் உலர்த்துவதற்கே செலவாகிறது. புழுக்கமான ஊர்களில், கார் குளிர்ந்ததும் உள்காற்றுச் சுழற்சிக்கு மாற்றினால் குளிர் சட்டென்று கூடுவதை இதைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். நெடுந்தூரப் பயணத்தில் இடையிடையே வெளிக்காற்றையும் விட வேண்டும், மூடிய கேபினில் கரியமில வாயு சேர்ந்து தூக்கக் கலக்கம் வரும்.

உலர்த்துவது ஏசியின் பக்க விளைவு என்று நாம் நினைக்கிறோம். வரலாற்றில் அதுவே முதல் நோக்கமாக இருந்தது. 1902இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியிலிருந்த ஓர் அச்சகத்தில், கோடைப் புழுக்கத்தால் காகிதம் ஈரம் ஏறி விரிந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடிக்கும் வண்ணங்கள் இடம் பொருந்தாமல் போயின. அதைச் சரிசெய்யத்தான் வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர், குளிர்ந்த சுருள்களின் மீது காற்றைச் செலுத்தி அதன் ஈரத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பை வடிவமைத்தார். நவீன ஏசியின் தொடக்கம் அதுதான் என்பார்கள்.

கண்ணாடியில் படியும் மூடுபனியும் இதே கதைதான். ஊட்டியின் குளிரில் கண்ணாடியின் உட்புறம் மங்கினால், உள்ளிருப்பவர்களின் மூச்சு குளிர்ந்த கண்ணாடியில் படிகிறது என்று பொருள். ஏசியைப் போட்டுக் காற்றைக் கண்ணாடி மீது திருப்பினால் உலர்ந்த காற்று அதைத் துடைத்துவிடும். சென்னையின் மழைக்கால இரவில் மங்குவது பெரும்பாலும் வெளிப்புறம். ஏசிக் காற்று பட்டுக் குளிர்ந்த கண்ணாடியில் வெளியிலுள்ள ஈரம் படிகிறது. அங்கே வேண்டியது வைப்பர்தான், கூடவே கண்ணாடி மீது படும் குளிர்காற்றையும் வேறு பக்கம் திருப்பிவிட வேண்டும்.

சொட்டுவது தண்ணீர்தானா?

அதிகம் பரவியிருக்கும் தவறான எண்ணம், சொட்டுவது ஏசி கேஸ் என்பது. கார் ஏசிகளில் பரவலாக இருக்கும் ஆர்-134ஏ குளிர்பொருளின் கொதிநிலை, சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரி. குழாயிலிருந்து வெளியே வந்த கணமே அது ஆவியாகிக் காற்றோடு கலந்துவிடும். தரையில் குட்டையாகத் தேங்குவதற்கு வழியே இல்லை. கேஸ் கசிந்தால் தெரியும் அடையாளங்கள் வேறு. குளிர் நாளுக்கு நாள் குறையும். குழாய்களின் இணைப்புகளில், கேஸோடு சேர்ந்து ஓடும் கம்ப்ரசர் ஆயில் கசிந்து தூசி ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கு தெரியும். தண்ணீர் சொட்டுவதைக் காட்டி ஒருவர் கேஸ் நிரப்பச் சொன்னால், அந்தக் கடையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவது நல்லது.

சந்தேகம் இருந்தால், வெள்ளை டிஷ்யூ காகிதத்தையோ பழைய அட்டைப்பெட்டித் துண்டையோ சொட்டும் இடத்தில் வைத்துப் பத்து நிமிடம் கழித்து எடுத்துப் பார்க்கலாம். தண்ணீர் என்றால் காகிதம் நனைந்து, காய்ந்த பிறகு சற்றுத் தூசிக்கறை தவிர எதுவும் மிஞ்சாது. பழுப்பாகவோ கறுப்பாகவோ வழவழப்பாக இருந்தால் இன்ஜின் ஆயில். சிவப்பு நிற எண்ணெய் என்றால் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலாகவோ பவர் ஸ்டியரிங் ஆயிலாகவோ இருக்கலாம். முன்கண்ணாடி கழுவும் தண்ணீர் சோப்பு வாசனையோடு, பெரும்பாலும் பம்பருக்குப் பின்னால் சொட்டும். இவற்றில் எதையும் நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது.

இரண்டு திரவங்களைப் பற்றி மட்டும் கூடுதலாகச் சொல்ல வேண்டும். பச்சை, இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, நீலம் ஆகிய நிறங்களில் ஒன்றில், இனிப்பு வாடையோடும் லேசான பிசுபிசுப்போடும் இருப்பது, இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் நாய், பூனைகளுக்குக் கொடிய நஞ்சு. இனிப்பாக இருப்பதால் அவை நக்கவும் செய்யும், எனவே சிந்திய இடத்தை உடனே கழுவிவிட வேண்டும். கூலண்ட் கசிவை அப்படியே விட்டு ஓட்டினால் இன்ஜின் சூடேறிப் பெருஞ்செலவில் கொண்டுபோய் விடும். இன்ஜின் ஆறிய பிறகு, கூலண்ட் டப்பாவில் மட்டம் இரண்டு கோடுகளுக்கு நடுவே இருக்கிறதா என்று பார்ப்பதே போதுமானது. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அடுத்தது பிரேக் ஆயில். சக்கரத்தின் உட்புறம் மஞ்சள் சாயலில் வழவழப்பாக ஈரம் தெரிந்து, பிரேக் பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கினால், மெக்கானிக்கை வண்டி நிற்கும் இடத்துக்கு அழைக்க வேண்டுமே தவிர வண்டியை அவரிடம் ஓட்டிப் போகக் கூடாது.

பின்பக்கம் சைலன்சர் குழாயிலிருந்து சொட்டும் தண்ணீருக்கும் ஏசிக்கும் தொடர்பில்லை. பெட்ரோலிலுள்ள ஹைட்ரஜன் எரிந்து நீராவியாகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் முழுமையாக எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும். வண்டி சூடான பிறகு அது ஆவியாகவே வெளியேறிவிடுகிறது. காலையில் முதலில் கிளப்பும்போது குழாய் குளிர்ந்திருப்பதால் அங்கேயே துளியாகிச் சொட்டுகிறது.

சொட்டு நின்றுபோனால்

டிரெயின் பைப் அடைத்துக்கொண்டால், தண்ணீர் உண்டாவது நிற்காது. வெளியேறுவது மட்டும் நிற்கும். தட்டு நிரம்பியதும் அது ஏசிப் பெட்டியின் விளிம்பைத் தாண்டி, முன்னிருக்கைப் பயணியின் காலடியில் இறங்குகிறது. முதலில் தெரிவது சத்தம்: வளைவில் திரும்பும்போதோ பிரேக் பிடிக்கும்போதோ டேஷ்போர்டுக்குள் தண்ணீர் தளும்பும். அடுத்துத் திருப்பத்தில் காலில் சில்லென்று தெறிக்கும். மேலே விரித்திருக்கும் ரப்பர் மேட்டைப் பார்த்தால் எதுவும் தெரியாது. மேட்டை விலக்கி, கார்ப்பெட்டை முன்சுவரோடு சேரும் இடத்தில் கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். அடியிலிருக்கும் தடித்த பஞ்சு லிட்டர் கணக்கில் தண்ணீரைக் குடித்துவிட்டு, மேலே வெறும் ஈரப்பதம் போலக் காட்டும். அந்தப் பஞ்சு தானாகக் காயாது. அப்படியே விட்டால் பூஞ்சை வாடை, காலையில் கண்ணாடியெல்லாம் மங்கல், நாளடைவில் தரைத்தகட்டில் துரு, அந்த வழியாகப் போகும் ஒயர் இணைப்புகளில் பச்சைக் களிம்பு என்று வரிசையாக வரும்.

காலடி ஈரத்துக்கு வேறு இரண்டு காரணங்களும் உண்டு என்பதால், பைப்பைக் குற்றம் சொல்வதற்கு முன் அவற்றை விலக்கிக்கொள்ள வேண்டும். ஏசியே போடாத நாளில், மழைக்குப் பிறகு மட்டும் நனைந்தால், வைப்பருக்குக் கீழேயுள்ள வடிகாலிலோ, சன்ரூஃப் இருந்தால் அதன் வடிகுழாயிலோ அடைப்பு இருக்கலாம். ஈரம் பிசுபிசுத்து, இனிப்பு வாடை அடித்து, கண்ணாடியின் உட்புறம் எண்ணெய்ப் படலம் போல மங்கினால், கேபினைச் சூடாக்கும் ஹீட்டர் கோரிலிருந்து கூலண்ட் கசிகிறது. இரண்டும் இல்லாமல் ஏசி ஓடிய நாட்களில் மட்டும் சுத்தமான தண்ணீர் தேங்கினால், அடைப்பு டிரெயின் பைப்பில்தான்.

வேப்பமரத்தடியிலோ புங்கமரத்தடியிலோ நிறுத்தும் வண்டிகளில் காய்ந்த இலைத்துணுக்கும் பூவும் காற்றோடு உள்ளே போய், தூசியோடு குழைந்து பைப்பின் வாயில் சேறு போலப் படியும். க்ளவ் பாக்ஸுக்குப் பின்னாலிருக்கும் கேபின் ஃபில்டரைக் காலம் தாழ்த்தாமல் மாற்றினால் இதில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். அடிப்பக்கமாக அடைப்பதும் உண்டு: பல நாள் ஓட்டாமல் நிறுத்திவைத்த காரின் பைப் நுனியில் மண்குளவி கூடு கட்டிவிடும், செம்மண் சாலையில் ஓடிய வண்டியில் சேறு அப்பிக் காய்ந்துபோகும்.

சரிசெய்வது ஒர்க்‌ஷாப்பில் சில நிமிட வேலை. வண்டியை லிஃப்டில் ஏற்றி, பைப்பின் வெளிநுனியில் குறைந்த அழுத்தத்தில் காற்றைச் செலுத்துவார்கள். அடைப்பு விட்டதும் தேங்கியிருந்த தண்ணீர் மொத்தமாகக் கொட்டும். வீட்டில் செய்ய நினைப்பவர்கள் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது, கம்பியை உள்ளே ஆழமாகவும் குத்தக் கூடாது. அந்த அலுமினியக் காயிலில் ஓட்டை விழுந்தால் கேஸ் முழுவதும் போய்விடும், அதை மாற்றுவதற்குப் பல கார்களில் டேஷ்போர்டையே கழற்ற வேண்டியிருக்கும். அடைப்பை நீக்கிய கையோடு கார்ப்பெட்டைத் தூக்கிப் பஞ்சையும் காய வைக்கச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாவிட்டால் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை.

சொட்டு நிற்பதற்கு இன்னொரு காரணம் எவாப்பரேட்டர் உறைந்துபோவது. ஃபில்டர் அடைத்துக் காற்றோட்டம் குறைந்தாலோ, கேஸ் குறைந்திருந்தாலோ, சென்சார் பழுதானாலோ தகடுகளின் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே போய், படியும் ஈரம் ஐஸாகி இடைவெளிகளை மூடிவிடும். ப்ளோயரின் சத்தம் முன்பு போலவே கேட்கும், காற்று மட்டும் வர வரக் குறையும். ஏசியை அணைத்துச் சிறிது நேரம் கழிந்ததும் ஐஸ் உருகித் தண்ணீர் மளமளவென்று கொட்டும். இது ஏசி மெக்கானிக் பார்க்க வேண்டிய பழுது.

ஏசி போட்டதும் முதல் சில நொடிகள் புளித்த வாடை வந்தால், ஈரத் தகடுகளில் தூசி ஒட்டி அதில் நுண்ணுயிர்கள் வளர்ந்திருக்கின்றன. வாசனை டப்பா வாங்கி மாட்டுவதால் பயனில்லை. வீடு சேர்வதற்கு ஓரிரு நிமிடம் முன்பே ஏசி பொத்தானை மட்டும் அணைத்துவிட்டு, வெளிக்காற்றோடு ப்ளோயரை ஓடவிட்டால் தகடுகள் ஓரளவு காய்ந்துவிடும். இந்தப் பழக்கம் வந்தபின் வாடை திரும்புவது வெகுவாகக் குறையும். ஏற்கெனவே வாடை ஊறிவிட்ட வண்டிக்கு எவாப்பரேட்டரைச் சுத்தம் செய்யும் நுரை மருந்து அடிக்க வேண்டியிருக்கும்.

சொட்டும் தண்ணீரைப் பிடித்துப் பயன்படுத்தலாமா என்று கேட்பவர்களும் உண்டு. ஆவி குளிர்ந்து வந்த நீர் என்பதால் அதில் உப்புகள் மிகக் குறைவு; ஆனால் தகடுகளில் இருந்த தூசி, நுண்ணுயிர்கள், உலோகத் துணுக்குகள் ஆகியவற்றைக் கழுவிக்கொண்டுதான் அது கீழே வருகிறது. குடிப்பதற்கு ஏற்றதல்ல. டிஸ்டில்டு வாட்டர் என்று எண்ணிப் பேட்டரியில் ஊற்றுவதும் கூடாது. பூந்தொட்டிக்கு ஊற்றலாம், தரை துடைக்கலாம். வீட்டு ஏசியில் வாளி வைத்துப் பிடிப்பவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். காரில் அதன் பெரும்பகுதி ஓடும்போதே சாலையில் விழுந்துவிடுவதால், நிறுத்திய பிறகு பிடிக்கக் கிடைப்பது ஒரு டம்ளருக்கு மேல் தேறாது.